மலைக்கு எதிரே ‘மேற்படி’ என்று எழுதிய காலை

ஒரு மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலையை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது.

எங்கள் கம்பெனியில் லாக்கர் அறைக்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். மழை மாதங்களில் கோட்டுகளை அதில் மாட்டுவோம். அன்று நல்ல வெயில். நாலு நாள் அடைமழைக்குப் பிறகு, இரண்டு நாள் முன்னால்தான் வானம் திறந்திருந்தது. ஆணிகளில் தொங்கிய கோட்டுகள் எல்லாம் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்து நின்றன. கடைசி ஆணியில் ஒன்று மட்டும் ஒழுகியது. அதன் அடியில் சிமென்ட் தரையில் ஒரு சின்னக் குட்டை.

டீ டம்ளரோடு வந்த நான் கேட்டேன்: “யாருதுப்பா இது? பைப்பு கீழ நின்னுட்டு வந்தானா?”

“என்துதான் தாஸு,” என்றார் வெங்கடேசலு. என்னைப் போலவே கிரேன் ஓட்டுகிறவர். ஜெனரல் ஷிஃப்டுக்கு அப்போதுதான் வந்திருந்தார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் அவர் ஊர். தினமும் பைக்கில் வந்து போவார்.

“கோட்டைப் போட்டுகினே குளிச்சியா?”

“ஜோக்கு அடிக்காத நைனா. நேத்து மத்தியானம் புடிச்ச மழை. எங்கூர்ல இன்னும் நிக்கல. சத்தியவேடு தாண்டுற வரைக்கும் ரோடே தெரியல. இங்க வந்து பாத்தா நீங்கல்லாம் சொகமா வெயில் காஞ்சிகினு கீறீங்க.”

என் கையிலிருந்த டீ அப்படியே நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டாக இன்னும் கால் மணி. என் இரண்டு பெண்களும் எட்டேகாலுக்கு சைக்கிளில் பாலத்தில் ஏறுவார்கள்.

அந்தக் குட்டையைப் பார்த்து நான் எதற்குப் பயந்தேன் என்று தெரியவேண்டுமானால், பிள்ளைகளே, நீங்கள் என்னோடு கொஞ்சம் பின்னால் வரவேண்டும்.

குடைதான் எங்கள் ஸ்வெட்டர்

கிரேன் ஏறக் கற்றுக்கொண்டதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பிள்ளை, ‘மேலே உட்கார்ந்தால் என்னவெல்லாம் தெரியும் மாமா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறது.

கீழே தெரிவது இரும்பு மட்டும்தான். ஆனால் எங்கள் ஷெட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு தகடு பெயர்ந்து இடைவெளி இருக்கிறது. கிரேனை அந்த மூலைக்கு ஓட்டிப்போனால் அதன் வழியாக மலை தெரியும். தூரத்தில் நீலமாக, யாரோ துணியை உதறிப் போட்டது மாதிரி நாகலாபுரத்து மலைத்தொடர். கிழக்கே கடல் தெரியாது. ஆனால் புகைக்கூண்டுகளின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்துக் கடல் காற்று வந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம்.

எங்கள் பட்டறையில் பீகாரிலிருந்து வந்த ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். வந்த முதல் வருஷம் பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர் வைத்திருந்தார். கார்த்திகை மாதம் முழுக்க நனைந்தே வேலைக்கு வந்தார். “அண்ணா, நம்ம ஊர் விண்டர்னா ஸ்வெட்டர். உங்க ஊர் விண்டர்னா குடை. யாருமே சொல்லலியே!” என்று எல்லாரிடமும் முறையிட்டார்.

அவர் சொன்னதை விடச் சுருக்கமாக எங்கள் குளிர்காலத்தைச் சொல்லமுடியாது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை. மார்கழியில் பனி, ரயில் பாதை மறையும், இரும்பைத் தொட்டால் கை சில்லிடும். தை பிறந்தால் வானம் துடைத்த பாத்திரம்.

இதில் எங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊர், ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியைத் தேடிப் போகிற கடைசிப் பகுதியில் இருக்கிறது. தண்ணீர் பிறக்கிற மலை வேறு மாநிலத்தில். அது போய்ச் சேருகிற கடல் இந்தப் பக்கம். டி.வி.யில் தமிழ்ச் செய்தி, ‘வட கடலோர மாவட்டங்களில் மழை குறையும்’ என்கிறது. அது உண்மைதான். அதே நேரத்தில் தெலுங்குச் செய்தி, ‘மலைப் பகுதிகளில் கனமழை’ என்கிறது. அதுவும் உண்மைதான். நாங்கள் தமிழ்ச் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு டி.வி.யை அணைத்துவிடுவோம். ஆறு இரண்டு செய்தியையும் கேட்டுக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் தலைகீழாகவும் நடந்திருக்கிறது. புயல் எங்கள் மேலேயே வருகிறது என்று நம்பிக் கூரைத் தகடுகளைக் கயிறு போட்டுக் கட்டினேன். தெருவையே அவசரப்படுத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. மறுநாள் பளீரென்று வெயில். அதன்பிறகு ரொம்ப நாள் டீக்கடையில் என்னைப் பார்த்தால், “இன்னா தாஸு, இன்னைக்கு எத்தினி புயலு?” என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டு டீயைக் குடிப்பேன். கயிறு கட்டியது தப்பு என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு

எங்கள் வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து விழித்திருக்கிற நேரம் குறைவு. எனக்கு மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். என் மனைவி எஸ்தர், காருக்கு வயர் கட்டுகிற கம்பெனிக்குக் காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவாள். பெரியவள் பிரிசில்லா அப்போது ஒன்பதாம் வகுப்பு. சின்னவள் சாரா மூன்றாம் வகுப்பு. பெரியவள்தான் சின்னவளைச் சாப்பிட வைத்து, தலை பின்னி, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவாள்.

கம்பெனியில் ஷிஃப்ட் புக் என்று ஒன்று உண்டு. வேலை முடித்துப் போகிறவர் எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று அதில் எழுதவேண்டும். அடுத்து வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பொத்தானைத் தொடவேண்டும். முகம் பார்க்காத இரண்டு பேர் பேசிக்கொள்வது அந்தப் புத்தகத்தில்தான்.

நாங்களும் முகம் பார்க்காமல்தானே குடும்பம் நடத்துகிறோம் என்று ஒருநாள் தோன்றியது. புதுவாயல் கடையில் நீள நோட்டு ஒன்று வாங்கிவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். முதலில் ‘கேஸ் தீரப்போகிறது’, ‘சாராவுக்குச் சளி’ என்றெல்லாம் எழுதினோம். மழை மாதம் வந்ததும் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டேன்.

மலை: அது என் பொறுப்பு. மேகம் இறங்கி உச்சியை மூடியிருந்தால் ‘தொப்பி’. இல்லையென்றால் ‘தெளிவு’.

கடல்: எஸ்தருடையது. அவள் தம்பி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறான். தினமும் காலையில் வாய்ஸ் மெசேஜ் போடுவான்: “அக்கா, ஏத்தம் எட்டு மணிக்கு. ஊட்ல இன்னா கொழம்பு?” கடல் பொங்கி உள்ளே வருவது ஏத்தம், இறங்கிப்போவது வத்தம்.

பாலம்: பிரிசில்லாவுடையது. எங்கள் பாலம் தரைப்பாலம். ஆற்று மணலுக்கு மேல் ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். கைப்பிடிச் சுவர் கிடையாது. அதை ஒட்டி ஏழு படிகள் இறங்குகின்றன. எத்தனை படி தண்ணீருக்கு மேல் தெரிகிறது என்று அவள் எண்ணி எழுதுவாள்.

கட்டத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்று அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்தேன். மலை தொப்பி போட்டால் அந்தத் தண்ணீர் ஒரு பகலும் ஓர் இரவும் நடந்து நம்மிடம் வரும். அது வருகிற நேரம் கடல் ஏத்தமாக இருந்தால் தண்ணீர் வடியாமல் பாலத்தடியில் நிற்கும். தொப்பியும் ஏத்தமும் சேர்ந்தால் பாலத்தில் ஏறக்கூடாது. நம் தலைமேல் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் ஏறக்கூடாது.

சாராவுக்கு எழுத இடமில்லை என்று அழுதாள். மலைக் கட்டத்தின் ஓரத்தில் படம் போட அனுமதி கொடுத்தோம். தொப்பி நாட்களில் மலைக்கு மீசையும் வைத்தாள்.

எஸ்தர் என்னைச் சும்மா விடமாட்டாள். “உன் மலை எங்க ஓடிடப்போவுது? ஒரே எடத்துல நிக்கிறதைப் பாத்து எழுத ஒரு ஆம்பளை! என் கடலு ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி போய்ட்டு வருது. அதையே நான் தோசை சுட்டுகினே எழுதறேன்.”

கம்பெனியில் எழுதக்கூடாத சொல்

ஷிஃப்ட் புக்கில் எங்கள் யாருக்கும் எழுத அனுமதியில்லாத ஒரு சொல் உண்டு. ‘மேற்படி.’

நான் சேர்ந்த புதிதில் எல்லாரும் அதைத்தான் எழுதினார்கள். கிரேன் வடம் நல்ல நிலை. அதற்கு அடுத்த வரியில் மேற்படி. அதற்கும் அடுத்த வரியில் மேற்படி. பக்கம் முழுக்க மேற்படி. கையும் வலிக்காது, நேரமும் மிச்சம்.

ஒருநாள் வடம் அறுந்து ஒரு கட்டு இரும்பு கீழே விழுந்தது. கடவுள் புண்ணியத்தில் அந்த இடத்தில் ஆள் இல்லை. புக்கைத் திருப்பிப் பார்த்தால் எட்டு வரி மேற்படி. வடத்தை நிஜமாகப் பார்த்தவர் ஒன்பது ஷிஃப்டுக்கு முன்னால் இருந்த ஒரே ஓர் ஆள். மற்ற எட்டுப் பேரும் அவருடைய கண்ணைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த எட்டில் ஒரு கையெழுத்து என்னுடையது.

அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்குத் தடை. நான் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்வேன், கொஞ்சம் உரக்கவே சொல்வேன்.

யாரும் காட்டலாம்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

மேலே இருக்கிற கிரேன்காரனுக்குக் கீழே பேசுவது கேட்காது. கைச்சைகைதான். ஒரு விரலை மேலே காட்டிச் சுற்றினால் ‘தூக்கு’. கீழே காட்டிச் சுற்றினால் ‘இறக்கு’. சைகை காட்ட ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. கண்டவர்கள் காட்டினால் கேட்கக்கூடாது.

ஒரு சைகைக்கு மட்டும் விலக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்து, இப்படியும் அப்படியும் வீசினால், ‘நிறுத்து, இந்த நொடியே நிறுத்து’ என்று பொருள். அதை யார் வேண்டுமானாலும் காட்டலாம். முதலாளி காட்டினாலும் சரி, பெருக்க வந்த அம்மா காட்டினாலும் சரி. ஆபரேட்டர் ஏன் என்று கேட்கக்கூடாது. முதலில் நிறுத்து, அப்புறம் கேள்.

லீவு நாட்களில் என் பெண்களுக்கு இது விளையாட்டு. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். பிரிசி விரலைச் சுற்றுவாள், தூக்குவேன். இறக்கச் சொல்வாள், இறக்குவேன். பாதியில் சாரா ஓடிவந்து இரண்டு கையையும் விரிப்பாள். நான் ஒற்றைக் காலில் அப்படியே நிற்கவேண்டும். அவள் சிரித்து முடிக்கிறவரை குடத்தை இறக்கக்கூடாது.

நான் எழுதியது

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

எனக்கு ஏ ஷிஃப்ட், ஆறு மணிக்குத் தொடங்கும். ஐந்துக்குமுன் வீட்டிலிருந்து இறங்கினால்தான் பெரிய ரோட்டில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டே நோட்டை எடுத்தேன். மலைக் கட்டம் காலியாக இருந்தது.

முந்தின நாள் மலையை நான் பார்க்கவில்லை. மழையால் நாலு நாள் தேங்கிய சரக்கை ஒரே நாளில் ஏற்றச் சொன்னார்கள். மேற்கு மூலைக்குக் கிரேன் போகவே இல்லை. தகடுகளின் ஓட்டை வழியாக வெயில் விழுந்து முதுகில் சுட்டது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. என் முதுகில் வெயில் என்றால் மலைமேலும் வெயில்தானே?

அதற்கு முந்தின நாள் வரியில் ‘தெளிவு’ என்று இருந்தது. அன்று மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பார்த்து எழுதியது.

அதன் கீழே ‘மேற்படி’ என்று எழுதினேன். கம்பெனியில் பத்து வருஷமாக எழுதாத சொல். பேனாவை மூடிவிட்டு இருட்டில் பாலத்தைக் கடந்து போய்விட்டேன்.

இப்போது பாருங்கள். எஸ்தர் கடல் கட்டத்தில் ‘ஏத்தம், எட்டு மணி’ என்று சரியாக எழுதியிருப்பாள். மலைக் கட்டம் தெளிவு என்கிறது. ஏத்தம் இருந்தாலும் தொப்பி இல்லை. அட்டையில் நானே எழுதிய விதிப்படி, பாலத்தில் ஏறலாம். வெளியே வெயில் வேறு. கலெக்டர் லீவும் கிடையாது.

சாவி

போன் செய்யலாம்தான். யாருக்கு? வீட்டில் பெண்களிடம் போன் இல்லை. எஸ்தரின் போன் அவள் கம்பெனி லாக்கரில். பக்கத்து வீட்டு நம்பரை அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

இன்சார்ஜிடம் ஓடினேன். “சார், ஆத்துல தண்ணி வருது. என் கொழந்தைங்க பாலத்துல வருவாங்க. நான் போவணும்.”

அவர் வெளியே வெயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஆத்துல தண்ணியா? யாருய்யா சொன்னா?”

“அந்தக் கோட்டு, சார்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெங்கடேசலு நடுவில் வந்தார். “சார், நான் ஏறிக்கிறேன் கிரேன்ல. அவரை உடுங்க.” என் பக்கம் திரும்பிப் பைக் சாவியை என் சட்டைப் பையில் திணித்தார். “பிரேக்கு கொஞ்சம் லூஸு நைனா. பாத்து போ.”

“புக்ல எழுதிட்டுப் போய்யா,” என்றார் இன்சார்ஜ். அவர் கெட்டவர் இல்லை, விதி அது.

எழுதினேன். வடம் பார்த்தேன், நல்ல நிலை. கொக்கி பார்த்தேன், நல்ல நிலை. பிரேக் பார்த்தேன், நல்ல நிலை. வெங்கடேசலுவிடம் ஒப்படைத்தேன். ஒரு வரியும் குறைக்கவில்லை. இரும்புக்கு இவ்வளவு எழுதுகிறவன், காலையில் தன் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லில் முடித்துவிட்டு வந்தானே என்று ஒவ்வொரு வரியும் என்னைக் கேட்டது.

அக்கரை

அரை மணி நேர வழி. பிரேக் லூஸ் என்றது நினைவிருக்கிறது, அதைப் பயன்படுத்தியதாக நினைவில்லை.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சத்தம் கேட்டது. ஆறு எப்போதும் முணுமுணுக்கும். அன்று லாரி ஒன்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பது போல இரைந்தது.

பைக்கைச் சாய்த்துவிட்டு ஓடினேன். படிகள் எதுவும் தெரியவில்லை. பாலத்தின் மேல் செக்கச் செவேலென்று மலைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆழம் இருக்கும். மூங்கில் இலையும் நுரையும் அதில் சுழன்றன. தலைக்கு மேல் வெயில் அடித்தது.

அக்கரையில், பாலத்தின் வாயில், ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பின்சீட்டில் சாராவின் மஞ்சள் குஷன்.

சைக்கிளுக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, நாலைந்து ஆட்கள். என் பெண்கள் கண்ணில் படவில்லை.

நான் யோசிக்கவில்லை. முழங்கால் தண்ணீர்தானே என்று கால் வைத்தேன். இரண்டாவது அடியில் கால் இழுத்தது. மூன்றாவது அடியும் வைத்தேன்.

அப்போது அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பிரிசி முன்னால் வந்தாள். ஏதோ கத்தினாள். வாய் அசைவது தெரிந்தது, சொல் வரவில்லை. உடனே கத்துவதை விட்டுவிட்டு, இரண்டு கால்களையும் அகட்டி நின்று, இரண்டு கைகளையும் முழுக்க விரித்து, இப்படியும் அப்படியும் வீசினாள்.

நிறுத்து. இந்த நொடியே நிறுத்து.

நான் நின்றேன். அது என் உடம்பில் ஊறிய பழக்கம்; அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. யார் காட்டினாலும் நிற்கவேண்டும். ஒரு கையைத் தாழ்த்தி, பின்னால் போ என்று காட்டினாள். மூன்று அடி பின்னால் வைத்து ஏறினேன்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு சீமைக்கருவேல மரம், வேரோடு, உருண்டுகொண்டே வந்தது. பாலத்தின் நடுவில் ஒருமுறை முட்டி நின்று, புரண்டு, அந்தப் பக்கம் விழுந்து போனது.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரிசி சாராவை ஆட்டோவிலிருந்து இறக்கித் தூக்கிக் காட்டினாள். அந்தக் குட்டிப் பெண் யாருடைய டிபன் பாக்ஸிலிருந்தோ எடுத்த இட்லியை மென்றுகொண்டிருந்தாள். எனக்குக் கை ஆட்டினாள்.

ஆட்டோவை மறித்த கதை

பெரிய பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று தெரு முழுக்க ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எனக்கு முன்னாலேயே ஆட்டோக்கார முனி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“உன் பொண்ணு பேஜாரு பண்ட்டாபா. கம்பெனிக்குப் போற பொம்பளைங்களை ஏத்திகினு வரேன். சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கப் போட்டுட்டு நிக்குது. வழி உடுமா, அவுங்களுக்கு பஸ்ஸு போயிடும்னேன். உடமாட்டேன்னா, தண்ணி செவப்பா வருது பாருங்கன்னா. செவப்பா வந்தா இன்னா, கலர் சோடாவான்னேன். அப்போ பாலம் மேல தண்ணியே கிடையாது, நைனா! ஒரு படி வெளிய தெரிஞ்சிகினு கீது!”

“அப்புறம்?”

“உள்ள இருந்த பொம்பளைங்க வேற. யார் ஊட்டுப் பொண்ணுடி இதுன்னு ஒருத்தி. கிரேன்காரர் பொண்ணுன்னு இன்னொருத்தி. அதானே பாத்தேன், அப்பன் மேல குந்திகினு புயலு புயலும்பான், பொண்ணு கீழ நின்னுகினு வெள்ளம் வெள்ளம்ங்குதுன்னு ஒரே சிரிப்பு. சிரிச்சி முடிக்கல, அந்த ஒரு படியும் போச்சு.”

அவர் தலையைச் சொறிந்தார். ஆட்டோவில் அன்று எட்டுப் பேர் இருந்தார்கள்.

பிரிசியிடம் நான் கேட்டேன்: “நோட்டுலதான் தெளிவுன்னு இருந்துதே. நீ எப்டிம்மா நின்னே?”

“எங்கப்பா தெளிவுன்னு இருந்துது? மேற்படின்னு இருந்துது,” என்றாள். “பாத்திருந்தா நீ தொப்பின்னு எழுதுவே, இல்ல தெளிவுன்னு எழுதுவே. மேற்படின்னா நீ பாக்கலன்னு அர்த்தம். நீதானே சொன்னே, அந்த வடம் அறுந்த கதை. அதான் சாராவைக் கரையில நிக்க வெச்சிட்டு நானே போய்ப் படியை எண்ணுனேன். நேத்து சாயங்காலம் நாலு. காலையில ரெண்டு. நின்னு பாத்தேன், ஒண்ணாச்சு.”

எஸ்தருக்குச் செய்தி போய், பாதி ஷிஃப்டில் வந்து சேர்ந்தாள். பெண்களை இறுக்கிப் பிடித்து அழுதுவிட்டு, நோட்டை எடுத்துப் பார்த்தாள். எனக்கு நல்ல திட்டு விழும் என்று தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. “ஒரே எடத்துல நிக்கிற மலைன்னு நானும்தான் சிரிச்சேன்,” என்றாள். அது திட்டை விட அதிகமாக வலித்தது.

சிவப்பு மை

நோட்டை அவள் என் கையில் கொடுத்தபோதுதான் பார்த்தேன். நான் எழுதிய சொல்லைச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்திருந்தது. அடுத்த வரியில் பிரிசியின் குண்டுக் கையெழுத்து:

‘மலை: ஆபரேட்டர் பார்க்கவில்லை. கடல்: ஏத்தம். பாலம்: ஒரு படி, பிறகு இல்லை. ஆபரேட்டர் தண்ணீரில் இறங்கினார். நிறுத்தப்பட்டார்.’

அதன் கீழே கம்பெனிப் புக்கில் இருப்பது போலவே ஒரு கோடு போட்டு, ‘படித்தவர் கையொப்பம்’ என்று எழுதி இடம் விட்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயராகப் போட்டேன்.

மறுநாள் வெங்கடேசலுவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, “கொழந்தைங்க நல்லா கீதுங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். தினமும் கிளம்பும்போது தன் வாசலில் நின்று மலையை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார். இன்றுவரை ஒருநாளும் தவறவில்லை. அதற்காக நான் மேற்கு மூலைக்குப் போவதை விட்டுவிடவில்லை. அவர் கண் அவருடையது, என் கண் என்னுடையது.

இந்த வருஷம்

இந்த மழைக்காலம் எப்படி இருக்கும் என்று டி.வி.யில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தமிழிலும் கேட்கிறேன், தெலுங்கிலும் கேட்கிறேன். தெலுங்கில் பாதி புரியாது. மழை, மலை, நாளைக்கு என்கிற மூன்று சொல் தெரியும். இதற்கு அது போதும். அவர்கள் சொல்வது ஒரு காலத்துக்கு, பெரிய நிலப்பரப்புக்கு. அது வேண்டும்தான். ஆனால் எங்கள் ஏழு படிகளை எங்களைத் தவிர யார் எண்ணுவார்கள்?

பிரிசி இப்போது பாலிடெக்னிக் போகிறாள். பாலக் கட்டம் சாராவிடம் வந்திருக்கிறது. மீசை போடுவதை அவள் இன்னும் விடவில்லை. நோட்டில் இருக்கிற மூன்று வரியையும் ஒரு சிலேட்டில் எழுதிப் பாலத்தோரக் கம்பத்தில் மாட்டுகிறோம். முனி ஆட்டோவை நிறுத்திப் படித்துவிட்டுத்தான் போகிறார். என்னைப் புயலு என்று கூப்பிடுவதை மட்டும் அவரும் விடவில்லை.

பிள்ளைகளே, உங்கள் ஊரில் மலை இருக்கலாம், கடல் இருக்கலாம், இரண்டும் இல்லாமல் ஓர் ஏரிக்கரை இருக்கலாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் பாருங்கள், எழுதுங்கள். பார்க்க முடியாமல் போன நாளில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதைப் படிக்கிறவர் உடனே தானே போய்ப் பார்ப்பார். நான் அன்று அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் போதும்.

இதை எழுதுகிற இன்று எனக்கு ஏ ஷிஃப்ட். காலையில் நோட்டைத் திறந்தபோது மலைக் கட்டம் காலி. நேற்று சனிக்கிழமை மாதா கோயில் வேலையாக லீவு எடுத்திருந்தேன், கிரேன் ஏறவில்லை. பேனா ஒரு நொடி நின்றது. ‘பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

மத்தியானம் வீடு திரும்பும்போது பாலத்தோரச் சிலேட்டைப் பார்த்தேன். சாராவின் கையெழுத்து:

‘மலை: அப்பா பார்க்கவில்லை. கடல்: வத்தம். பாலம்: ஐந்து படி. இரண்டு தடவை எண்ணினேன்.’